இடக்கைக்கு ஒரு துவக்கு

என் மனைவி குறிபார்த்துச் சுடுவாள் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "ஆரை?" என்று கேட்பார்கள். "என்னைத் தவிர மற்ற எல்லாத்தையும்" என்பது என் வழக்கமான பதில். உண்மையில் அவள் சுடுவது கடதாசியை. இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் தொங்கும் வெள்ளைக் கடதாசியின் நடுவே ஒரு கறுப்பு வட்டம். அதற்குள்தான் அவளுடைய கோபதாபமெல்லாம் போகிறது. எனக்கும் அதனால் நன்மைதான்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் வேலை. நோர்வேயில் வேலைத்தலங்களுக்கென்று விளையாட்டுக் குழுக்கள் உண்டு. சிலர் பந்தடிப்பார்கள், சிலர் பனியில் சறுக்குவார்கள். அவளோடு வேலை செய்யும் ஒருத்தி ஓர் இலையுதிர்காலத்தில் இவளைப் பிஸ்டல் சுடும் கிளப்புக்குக் கூட்டிப் போனாள். சும்மா பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"அங்கை துவக்கைக் கண்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தனாங்கள்," என்றாள். "இஞ்சை இண்டைக்கு நேரை பார்த்தனான்."

துவக்கு என்பது எங்கள் யாழ்ப்பாணத்துச் சொல். துப்பாக்கி என்று பத்திரிகை எழுதும், நாங்கள் சொல்வது துவக்கு. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நாள் நான் சமைக்கும் முதியோர் இல்லத்தில், கஞ்சி பரிமாறும்போதே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். காது கேளாத கிழவர் ஒருவருக்கு இரண்டு முறை சொன்னேன்.

ஆனால் மூன்றாவது குளிர்காலத்தில் அவளுக்கு முகம் வாடத் தொடங்கியது. கிளப்பில் இரவலாகக் கொடுக்கும் பிஸ்டல், கழிப்பறை வாசலில் கிடக்கும் பொதுச் செருப்பு மாதிரி. எல்லாருக்கும் நுழையும், ஒருவருக்கும் பொருந்தாது. அதன் பிடி ஒரு பெரிய ஆம்பிளையின் வலக்கைக்குச் செதுக்கியது. அவளுடைய சின்னக் கை அதற்குள் தளம்பியது. போதாக்குறைக்கு அவளுக்கு இடக்கண்தான் கூர்மை. வலக்கையால் சுடும்போது இடக்கண் குறுக்கே வரும் என்று பயிற்சியாளர் அவளுடைய கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒரு சின்ன மறைப்பு ஒட்டிவிட்டிருந்தார். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற தபால்காரி. நல்ல மனுசி, ஆனால் வாயைத் திறந்தால் உண்மைதான் வரும். கிளப்பின் அணியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இப்படியே சுட்டால் அது உனக்குக் கிடைக்காது என்று நேரடியாகச் சொல்லிவிட்டார்.

"இந்தக் குளிரோடை விடப்போறன்," என்றாள் மனைவி, தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் விடப்போறீர்?"

"வராததை ஏன் பிடிச்சு இழுப்பான்? ஐம்பது வயசிலை எனக்கென்ன ஒலிம்பிக்கோ?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. இந்த மனுசி படித்தது தகப்பனுக்காக, வந்தது எனக்காக, ஓவர்டைம் செய்தது மகளுக்காக. மகள் இப்போது பேர்கனில் படிக்கிறாள், தன் பாட்டைத் தானே பார்க்கிறாள். தனக்கென்று இவள் தொட்ட ஒரே ஒரு காரியம் இது. அதையும் யாரோ ஒரு தடியனின் கைக்குச் செதுக்கிய மரக்கட்டைக்காக விட்டுவிடுவதா? அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. அவளுக்கென்று சொந்தமாக ஒரு துவக்கு வாங்கிக் கொடுப்பது என்று அந்தக் கோப்பை ஆறுவதற்குள் முடிவெடுத்தேன்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நகரத்து ஓரத்தில் நாங்கள் இருக்கும் எல்லிங்ஸ்ருட்டில், எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவர் தமிழ்நாட்டுத் தம்பி, கம்பியூட்டர் வேலை. லிஃப்ட்டில் அகப்பட்டார்.

"தம்பி, ஒருத்தருக்கும் சொல்லாதையும். மனுசியின்ரை ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு துவக்கு வாங்கிக் குடுக்கப்போறன்."

அவர் முகம் மலர்ந்தது. "சூப்பர் அண்ணா! என்ன துவக்கப் போறீங்க? கடையா? அண்ணி கை மணத்துக்கு ஒரு ஓட்டல் துவக்கினா நல்லாப் போகும்."

"தம்பி, வீட்டிலை சமைக்கிறது நான். இது சுடுற துவக்கு."

"தோசை சுடுறதா?"

நான் விரலை நீட்டிக் காட்டினேன். லிஃப்ட் அவருடைய மாடியில் நின்று கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை. "ஐயோ, துப்பாக்கியா!" என்றவர், கதவு மூடிய பிறகு மெதுவாகக் கேட்டார்: "அண்ணிக்கு உங்க மேல ஏதாச்சும் கோபமா?"

பயிற்சியாளரிடம் இரகசியமாகத் தொலைபேசியில் கேட்டு, எந்த வகைப் பிஸ்டல் நல்லது என்று தெரிந்துகொண்டேன். பிறகு நகரத்துக்கு ரயில் ஏறினேன். புறப்படும்போது மனைவியின் காப்பு ஒன்றைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். மனைவிக்குத் தெரியாமல் கைக்கு ஏதாவது வாங்குவதென்றால் எங்கள் ஆம்பிளைகளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பழைய காப்பைக் கொண்டுபோய் அளவு காட்டுவது. நகைக்கடைக்கு இதுவரை இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன், இரண்டு முறையும் அளவு சரியாக இருந்தது.

அது வேட்டைக்காரரும் விளையாட்டுக்காரரும் போகும் கடை. சுவர் முழுக்க நீளத் துவக்குகள் வரிசையாக நின்றன. உள்ளே காலை வைத்ததும் என் கண் தானாகவே நிலத்துக்குப் போனது. வயது ஏறினாலும் உடம்பு மறப்பதில்லை. மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் நேரே பார்த்தாளென்றால் நானும் பார்க்கலாம் என்று தலையை நிமிர்த்தினேன். தாடிக்காரக் கடைக்காரர் கோப்பிக் கோப்பையோடு சிரித்தார்.

"மனைவிக்கு ஒரு பிஸ்டல் வேண்டும். பிறந்தநாள் பரிசு. அவளுக்குத் தெரியக்கூடாது," என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியாமல் முடியாது," என்றார். பொலிசின் அனுமதி அவள் பெயரில் வர வேண்டும். அவளே விண்ணப்பிக்க வேண்டும். அவள் ஒழுங்காக வந்து சுடுகிறவள் என்று கிளப் உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் கடை கொடுக்கும், அதுவும் அவள் கையில். சேலை, சங்கிலி, கார்கூட ஒளித்துவைத்துக் கொடுக்கலாம். துவக்கை முடியாது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நான் என்ன வங்கியைக் கொள்ளையடிக்கவா வந்தேன் என்று தமிழில் முணுமுணுத்தேன். முணுமுணுத்து முடிவதற்குள் வெட்கமாகவும் இருந்தது. எங்கள் ஊரில் துவக்கு ஒருவன் கைக்கு எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்க முடியவில்லை. அதனால் என்ன நடந்தது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இங்கே கேட்கிறார்கள். கேட்கட்டும்.

கடைக்காரர் இரண்டு பிஸ்டல்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பளபளவென்று கண்ணைப் பறித்தது. மற்றது சாம்பல் நிறம், பார்க்க ஒரு பவுசும் இல்லை, ஆனால் விசை பட்டுப்போல் இழுபடும் என்றார். என் மனைவி கலியாண வீட்டுக்கே மினுங்கும் சேலை உடுக்காதவள். சாம்பல் நிறத்தையே தொட்டுக் காட்டினேன். அனுமதி வரும்வரை அவள் பெயருக்கு எடுத்து வைப்பதாகச் சொன்னார். என் முகம் தொங்கியதைப் பார்த்துவிட்டு, இன்னொன்றும் சொன்னார்: "இதன் மரப்பிடி வெறும் மரம்தான். அதற்கு அனுமதி தேவையில்லை. அதை இன்றைக்கே வாங்கி நீ சுற்றிக் கொடுக்கலாம்."

எனக்கு உயிர் வந்தது. கைலேஞ்சியை அவிழ்த்துக் காப்பை மேசையில் வைத்தேன். "இதுதான் அவளுடைய அளவு."

அந்த மனிதர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். காப்பைத் தூக்கி அதற்குள்ளால் என்னைப் பார்த்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் இது கை எதற்குள்ளால் நுழையும் என்று சொல்கிறது. கை எதைப் பிடிக்கும் என்று சொல்லவில்லை." அவளுடைய உள்ளங்கையைத் தாளில் விரித்துவைத்துச் சுற்றிப் பேனையால் கீறிக் கொண்டுவா என்றார். பிறகு, "வலதா, இடதா?" என்று கேட்டார்.

"வலது," என்றேன் சட்டென்று. அவள் வலக்கையால் சாப்பிடுகிறாள், வலக்கையால் எழுதுகிறாள், கிளப்பிலும் வலக்கையால்தான் சுடுகிறாள். இதிலென்ன கேள்வி?

திரும்பி வரும் ரயிலில்தான் அந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்தது. ஒருமுறை என் இரத்தம் எடுக்க அவளுடைய இடத்துக்கே போயிருந்தேன். எனக்கு நரம்பு இலேசில் அகப்படாது. அவள் வலக்கையில் ஊசியோடு தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் ஒருதரம் பார்த்துவிட்டு ஊசியை இடக்கைக்கு மாற்றினாள். குத்தியதே தெரியவில்லை. அகப்படாத நரம்பென்றால் அங்கே எல்லாரும் இவளைத்தான் கூப்பிடுவார்கள் என்று பெருமைப்பட்டேனே தவிர, கை மாறியதை நான் யோசிக்கவில்லை. சின்ன வயதில் இடக்கையால் சோறு அள்ளுகிறாள் என்று வீட்டில் அந்தக் கையைத் துணியால் கதிரையோடு கட்டிவிடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் அடிமட்டத்தால் அடி. அவள் அதை ஒரு பகிடி மாதிரித்தான் சொல்லியிருந்தாள். நானும் சிரித்துக் கேட்டிருந்தேன். கிளப்பில் முதல்நாள் எந்தக் கை என்று கேட்டிருப்பார்கள். ஆயுள் முழுக்கச் சொன்ன பதிலையே அங்கும் சொல்லியிருப்பாள்.

எல்லிங்ஸ்ருட் வந்தது தெரியாமல் இருந்துவிட்டு, கதவு மூடுவதற்குள் பாய்ந்து இறங்கினேன்.

சனிக்கிழமை காலை தேங்காய்ப்பூ போட்டு ரொட்டிக்கு மா குழைத்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகக் குழைத்து, ஓர் உருண்டையை அடுப்புத் தட்டில் விரிக்கும் வெள்ளைத்தாளில் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"இஞ்சை ஒருக்கால் வாரும். எனக்குத் தோள் பிடிச்சிருக்கு, இதைக் கொஞ்சம் தட்டிவிடும்."

பார்க்கிறதற்கு வேறு ஒருவரும் இல்லை, நான் மட்டும்தான். தொலைபேசியில் தமக்கையோடு கதைத்துக்கொண்டே வந்தாள். வலக்கையில் தொலைபேசி இருந்தது, அதனால் இடக்கையால் தட்டினாள் என்று நான் என்னையே சமாதானப்படுத்தியிருப்பேன். ஆனால் அவள் தொலைபேசியைக் கீழே வைத்தாள். இரண்டு கையும் சும்மா இருந்தது. அப்போதும் இடக்கைதான் போனது. ஒரே அழுத்து. ஐந்து விரலும் மாவில் அச்சாக விழுந்தன.

"போதும், போதும்! எடும் கையை!" என்று கத்திவிட்டேன்.

அவள் விலகியதும் அச்சின்மேல் இன்னொரு தாளை வைத்து அழுத்தி, பதிந்த கையைச் சுற்றிப் பேனையால் கீறினேன்.

"ரொட்டியைச் சுடாமல் என்ன படம் கீறுறியள்?"

"பேசாமல் போம். இது புது விதம்."

தேங்காய்ப்பூ ஒட்டிய அந்தத் தாளைக் கடைக்காரர் விரித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். கட்டைவிரல் இருந்த பக்கத்தைக் கண்டதும் புருவம் உயர்ந்தது. "இது இடக்கை." "ஓம்," என்றேன், தமிழிலேயே. பயிற்சியாளருக்கும் தகவல் சொன்னேன்.  கண்ணுக்கு மறைப்பு ஒட்டியதற்குப் பதிலாகக் கையை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்றார். இடக்கை, சின்ன அளவு, வால்நட் மரப்பிடி ஒன்று வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. பிறந்தநாளுக்கு ஒரு கிழமைக்கு முன் வந்துசேர்ந்தது.

விழா எங்கள் கட்டடத்தொகுதியின் மண்டபத்தில். மகளும் பேர்கனிலிருந்து வந்துவிட்டாள். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கும் மனைவியின் தமக்கை, எல்லாருக்கும் முன்பாக வந்து முன்வரிசையில் இருந்தார். ஐம்பதுக்குச் சங்கிலி போடாமல் விடமாட்டேன் என்று அவருக்கு நான் வாக்குக் கொடுத்ததாக ஓர் எண்ணம். நான் பெட்டியைக் கொண்டுவந்தபோது சபை முழுக்க என் பக்கம் திரும்பியது. பெட்டியின் நீளத்தைப் பார்த்துத் தமக்கை பவுண் கணக்குப் போட்டிருப்பார்.

மனைவி தாளைப் பிரித்து மூடியைத் திறந்தாள். செதுக்கிய ஒரு மரத்துண்டு.

"உதென்ன, அகப்பைக் காம்போ?" என்றார் தமக்கை.

  என் கணக்குப் பிழைத்துப்போனால் பரிசு மட்டுமல்ல, அவள் சுடுவதும் அன்றோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம், இந்த வயதில் என்ன விளையாட்டு என்று மூடியை மூடிவிடுவாள். பெட்டியிலிருந்து பிடியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். எல்லாருக்கும் முன்னால் நிற்கும்போது அவளுக்கு எந்தக் கை வருமோ அந்தக் கைதான் வந்தது. வலக்கை. விரல்களுக்கென்று செதுக்கிய பள்ளங்கள் மறுபக்கம் இருந்தன. பெருவிரலுக்கு இடமில்லை. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொட்டிக்கு மா தட்டிய காலை அவளுக்கு நினைவுக்கு வந்ததை நான் அவள் கண்ணில் கண்டேன்.

பிடியைத் திரும்ப என் கையில் வைத்தாள். வலக்கையைப் பின்னுக்கு எடுத்தாள். இடக்கையை நீட்டினாள்.

"எடி!" என்றார் தமக்கை, கதிரையிலிருந்து பாதி எழும்பி. "பிறந்தநாளும் அதுவுமா இடக்கையாலை வாங்காதை!"

"அக்கா," என்றாள் என் மனைவி, திரும்பிப் பாராமலே. "இது இடக்கைக்கு வந்த சாமான்."

விரல் ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் போய் அமர்ந்தது. அவள் கையை மெதுவாக உயர்த்தி, மண்டபத்தின் மூலையில் கட்டியிருந்த பலூனை நேரே பார்த்தாள். வெறும் மரப்பிடிதான். ஆனாலும் எங்கள் தமிழ்நாட்டுத் தம்பி சட்டென்று குனிந்தார். மகள் கைதட்டத் தொடங்கினாள். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

விருந்தினர் போன பிறகு கதிரைகளை அடுக்கும்போது, இந்தப் பிடிக்குரிய பிஸ்டல் கடையில் அவள் பெயருக்குக் காத்திருப்பதைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "கைக்குப் பொருந்துது. ஆனா வீட்டுக்குள்ளை துவக்கோ? கிளப்பிலை இருக்கிறது வேறை. எங்கடை அலுமாரிக்குள்ளை…"

"இரும்புப் பெட்டியிலைதான் வைக்கவேணும். சுவரோடை பூட்டினது. இலக்கம் உமக்கு மட்டும்தான் தெரியலாம். எனக்குக்கூடச் சொல்லக்கூடாதாம், சட்டம்."

அவள் கதிரையைப் பிடித்தபடி யோசித்தாள். "நான் மட்டுமோ?"

"நீர் மட்டும்."

"அப்ப வரட்டும்," என்று சிரித்தாள். "இந்த வீட்டிலை உங்களுக்குத் தெரியாத ஒண்டாவது இருக்கட்டும்."

அனுமதி வர நாளெடுத்தது. வந்ததும் அவளே போய், அவளே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். இரும்புப் பெட்டியில் இலக்கம் அழுத்தும்போது நான் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் தேர்ந்தெடுத்த பொருளை நான் தொடமுடியாத வீடு இது. இதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். தமிழ்நாட்டுத் தம்பி மட்டும் நம்பினார். "அப்போ லிஃப்ட்ல நான் சொன்னதும் தப்பில்ல அண்ணா. துவக்குன்னா துவக்கம்தானே," என்றார். அவருக்கு ஒரு ரொட்டி கூடக் கொடுத்தேன்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த மறைப்பைப் பயிற்சியாளரே தன் நகத்தால் உரித்து எடுத்தார். முதல் கிழமைகளில் சூடுகள் வட்டத்தைச் சுற்றிச் சிதறின. இந்தக் கைக்கு ஒருவரும் ஒன்றும் பழக்கியதில்லை, எல்லாம் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. அவள் அலுக்கவில்லை. பிறகு அவை ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கோடை தொடங்கும் முன் அணியில் காலியாக இருந்த இடத்துக்கு ஆளெடுக்கும் நாள் வந்தது. அன்றைக்கு நானும் போனேன். காதுமூடியை மாட்டிக்கொண்டு, சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவள் நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்துவிட்டு, இடக்கையை நீட்டினாள். அந்தக் கை ஆடவே இல்லை.

கடதாசி திரும்பி வந்தது. கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒரே ஓட்டைபோல் கிழிந்திருந்தது. பயிற்சியாளர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடம் அவளுக்குத்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டு, என்னிடம் வந்து காதுமூடியை விலக்கினார்.

"உன் மனைவி ஒரு புதுக் கையோடு வந்திருக்கிறாள்," என்றார்.

"இல்லை," என்றேன். "அது அவளுடைய பழைய கை."